என்பும் அதன் தொழிலாளரும்

குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப லெனக் குகையிலும் கித்துள்கலைப் பகுதியிலுள்ள பெலி லெனக் குகையிலும் அகழ்ந்தெடுத்த மனித என்புகள் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பலாங்கொடை மனிதன் எனப்படும் அம்மக்கள் உறுதியான என்புடையோர் என்பர் ஆய்ந்தோர். அவ்வுறுதியிற் குலவழியாக வந்தது ஒரு பங்கு. உழைப்பினால் வந்தது ஒரு பங்கு. உழைப்பு என்பினுள் எவ்வாறு புகுகின்றது என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

என்பு உயிரற்ற சுண்ணக்கல் அன்று. கம்பியிட்ட கொங்கிறீற்றை ஒத்த இழையம். கம்பியாய் நிற்பது கொலாசன் என்னும் புரதம். அது முப்புரிக் கயிறு போன்றது எனச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் காட்டினர். அதன்மீது கல்சியம் பொசுபேற்று படிந்து இறுகுகின்றது.

இங்கே ஒருவகைக் கலம் அமிலத்தைச் சுரந்து பழைய என்பைக் கரைத்துக் குழி பறிக்கும். அதற்குச் சில வாரங்கள் போதும். மற்றொருவகைக் கலம் அக்குழியைப் புது என்பால் நிரப்பும். அதற்கோ சில மாதங்கள் வேண்டும். (இடிப்பது எளிது, கட்டுவது அரிது என்பதை வீடு கட்டியோர் அறிவர்.) நிரப்பிய கலங்களுட் சில தாம் கட்டிய சுவரினுள்ளேயே அடைபட்டுப் போகின்றன. அவை வீணாய்க் கிடப்பன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் மேற்பார்வை அவற்றினதே. நுண்ணிய கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, என்பின்மீது விழும் சுமையை அவை உணர்கின்றன. சுமை குறையின், கட்டும் கலங்களைத் தடுக்கும் ஸ்கிளரோஸ்டின் என்னும் புரதத்தை மிகுதியாய் விடுகின்றன, கூடின், குறைத்துக்கொள்கின்றன. பாரமின்றி விண்வெளியில் மிதப்போரின் இடுப்பென்பு திங்கள்தோறும் நூற்றுக்கு ஒரு பங்களவு தேய்வது இதனாலேயே.

ஆயின், கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் சரிவேறும் நம் தோட்டத்துத் தாய்மாருக்கு என்புத் தேய்வு வராதோ? வரும். உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு என்பிலேயே உள்ளது. உணவில் அது குறைந்தால், கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் என்பைக் கரைப்பித்துக் குருதிக்கு வழங்குகின்றன. பாலூட்டுங் காலத்து இழப்புப் பெரும்பாலும் பின்னர் ஈடாகும். மாதவிடாய் நின்றபின் வருவது அத்தகையதன்று. ஈஸ்திரசன் குன்றவே, பறிக்கும் கலங்களை அடக்குவார் இல்லை, கட்டுவோர் பின்தங்கிவிடுகின்றனர். அப்போது சிறு வழுக்கலிலும் மணிக்கட்டு முறியும்.

வெறுந்தேநீரும் கோதுமை ரொட்டியும் இவ்விழப்பை ஈடுசெய்யமாட்டா. குரக்கனும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும் கல்சியம் மிக்கவை. லயத்துப் பின்புறத்து முருங்கையும் அவ்வாறே.