பக்கத்துப் பள்ளியே போதும்

என் மகளுக்கு ஆறு வயது. காதுக் கருவி அணிகிறாள். "சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்கிறார் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர். என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

கலங்காதீர்கள் அம்மா. அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகள், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு வட்டார வள மையத்துக்குப் போய், அங்குள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள்.

பள்ளியில் சேர்ந்த பிறகு, வகுப்பாசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசினாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். முன்வரிசையில் இடம் கேளுங்கள். மின்விசிறிக்கு அடியில் மட்டும் வேண்டாம். அந்த இரைச்சலையும் கருவி பெருக்கிவிடும். பையில் மாற்று பேட்டரி இருக்கட்டும். பயிற்றுநரைப் பார்த்த பிறகும் பள்ளி சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கி முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.