பாலும் நீரும்: பச்சிளங் குழந்தையின் கோடைத் தாகம்

கத்திரி வெயில் பிறந்துவிட்டால், கைக்குழந்தை உள்ள இல்லங்களில் பாலூட்டும் சங்கு வெளியே வந்துவிடும். ஒரு வீட்டில் ஆறவைத்த வெந்நீர். ஒரு வீட்டில் சர்க்கரை கலந்த நீர். மற்றொரு வீட்டில் சீரகம் இட்டுக் கொதிக்க வைத்த நீர். "நமக்கே நாவறள்கிறது, பச்சைப் பிள்ளைக்கு வறளாதா?" என்பது மூத்த பெண்டிர் கேட்கும் கேள்வி. கேள்வியில் பிழையில்லை, அது முழுக்க முழுக்க அன்பில் பிறந்தது. அக்கேள்விக்கு நாம் காணும் விடை சரியானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என மாணவர் வினவக்கூடும். இச்சிக்கலில் ஒரு பாதி மருத்துவத்தைச் சார்ந்தது. மறு பாதி சொல்லைச் சார்ந்தது என்பது நம் எண்ணம். இதனை நாம் நம் இல்லத்திலேயே கண்டறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகள் பேறுகாலத்திற்கு வந்திருந்தபோது நிகழ்ந்தது இது. குழந்தைக்கு மூன்றாவது திங்கள், சித்திரை மாதம். முதலிரு திங்களில் நன்கு ஏறிவந்த எடை அம்மாதம் தயங்கி நின்றுவிட்டது. வீட்டிற்கு வந்த சுகாதாரச் செவிலியர், "தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறீர்கள்?" என்று வினவினார். நம் தாயார் சற்றும் தயங்காமல், "ஆமாம்மா, தாய்ப்பால் மட்டும்தான். புட்டிப்பால் இந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை" என்றார். அவர் பொய் உரைக்கவில்லை. ஆனால் சாளரத்தின் மேல் சங்கும், மூடிய கிண்ணத்தில் வெந்நீரும் இருந்தன. செவிலியரின் பார்வை அங்குச் சென்றது. "அது வெறும் தண்ணீர்தானே அம்மா! அதையா கேட்டாய்?" என்றார் தாயார்.

இங்கே தடுக்கி விழுந்தது 'மட்டும்' என்னும் சொல்லே. சுவரொட்டியில் 'தாய்ப்பால் மட்டும்' என்று எழுதுவோர் தண்ணீரையும் விலக்கியே எழுதுகின்றனர். அதனைப் படிக்கும் இல்லத்தாரோ பிற பாலையும் பிற உணவையும் மட்டுமே விலக்கிக்கொள்கின்றனர். தண்ணீரை உணவின் கணக்கில் சேர்ப்பது நம் வழக்கில் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் இவ்விரண்டையும் வேறு வேறு வகையாகவே பிரித்துள்ளது. நீர் சேராதது 'முற்றிலும் தாய்ப்பால்'. நீரோ நீரையொத்த பானமோ சேர்ந்தால் அது 'பெரும்பாலும் தாய்ப்பால்' என்னும் வேறு வகை. இந்த நுண்ணிய வேறுபாட்டை நாம் ஒரே 'மட்டும்' என்பதற்குள் அடைத்துவிட்டு, பாட்டியர் கேட்பதில்லை என்று குறைகூறுகிறோம். 'தண்ணீரும் வேண்டா' என்று ஒரு தொடர் கூட்டி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வள்ளுவர் வான்சிறப்பில், உண்பார்க்கு உணவை விளைவித்துத் தருவதோடு தானும் உணவாகி நிற்பது மழை என்கிறார். நீரை உணவாக எண்ணிய மரபு நம்மிடம் இருந்தே இருக்கிறது. நம் முன்னோர் உண்டியை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகையாகப் பகுத்தனர். தாய்ப்பால் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது? பால் உண்டான் என்கிறோம். பால் குடித்தான் என்றும் சொல்கிறோம். இரண்டும் பொருந்துகின்றன. பசிக்கு உணவாகவும் தாகத்திற்கு நீராகவும் ஒருங்கே அமைந்த பொருளை மொழி இரண்டு வினைகளாலும் குறிப்பதில் வியப்பில்லை.

மருத்துவம் கூறுவதும் இதுவே. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 அல்லது 88 பங்கு நீர். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் பருகுமாயின், அதிலேயே 650 மில்லி அளவு நீர் உட்சென்றுவிடுகிறது. பால் தரும் நீரின் அளவோடு அதன் உப்பின் குறைவும் கருதத்தக்கது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுச்சுமை பசும்பாலில் தாய்ப்பாலைவிட ஏறக்குறைய மும்மடங்கு. தாய்ப்பாலில் அச்சுமை சிறிதாகையால், அதனை வெளியேற்றச் செலவாகும் நீரும் சிறிது. எஞ்சிய நீர் வியர்வைக்கும் மூச்சுக்கும் பயன்படுகிறது. ஒருமுறை ஊட்டும்போது முதலில் வரும் பால் நீர்த்தும், போகப்போகக் கொழுப்பு மிகுந்தும் இருக்கும். வெயிற்காலத்தில் குழந்தை அடிக்கடி பால் கேட்டுச் சிறிது பருகிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. அது தன் தாகத்தைத் தானே தணித்துக்கொள்ளும் முறை. பால் போதவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டுவதில்லை.

"குளிர்நாட்டார் எழுதிய நூல் நம் வெயிலுக்கு ஒத்துவருமா?" என்னும் ஐயம் நியாயமானதே. அதனால்தான் வெப்பநாடுகளிலேயே இதனை ஆராய்ந்தனர். 1978இல் ஜமைக்காவில் நடந்த ஆய்வொன்று வெளிவந்தது. 1991இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு நம் டெல்லியின் கோடையிலேயே, 34 முதல் 41 பாகை செல்சியசு வெப்பத்தில் நிகழ்த்தப்பெற்றது. தாய்ப்பால் ஒன்றையே பருகிய குழந்தைகளின் சிறுநீர்ச் செறிவை அளந்தபோது, உடலின் நீர்ச்சமநிலை கெடவில்லை என்பது புலனாயிற்று. கத்திரி வெயிலுக்கு டெல்லி நம் வேலூருக்கும் திருச்சிக்கும் இளைத்ததன்று.

தேவையில்லை என்பதோடு இது முடிந்துவிடுமானால் நாம் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொடுப்பதால் கேடும் விளைகிறது. குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதில் நீர் நிறைந்தால் பாலுக்கு இடம் குறைகிறது. நீரில் ஊட்டமோ நோய் எதிர்ப்பாற்றலோ இல்லை. குழந்தை சப்பும் அளவிற்கேற்பவே பால் சுரக்குமாதலால், நீர் குடித்த குழந்தை குறைவாகச் சப்ப, மறுநாள் பாலும் குறைகிறது. "பால் பற்றவில்லை" என்று நாம் மேலும் நீர் கொடுக்கிறோம். நம் இல்லத்தில் எடை நின்றதற்கு இதுவே காரணம் எனச் செவிலியர் விளக்கினார். மிகுதியாக நீர் சென்றால் குருதியின் உப்புச் செறிவு தாழ்ந்து, குழந்தை சோர்ந்து வலிப்பு காண்பதும் உண்டு. நீரின் தூய்மை வேறு. காய்ச்சிய நீராயினும் சங்கும் கையும் கிண்ணமும் தூயனவாதல் வேண்டுமல்லவா? பிலிப்பைன்சு நாட்டில் ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வு, தாய்ப்பாலோடு வெறும் நீரோ தேநீரோ சேர்த்தாலே வயிற்றுப்போக்கு இரு மடங்கு, மும்மடங்கு ஆகிறது எனக் காட்டிற்று.

நம் தாயார் தலைமுறையை இதில் குறைகூறுவது அறமாகாது. வெந்நீர் கொடுக்கச் சொல்லி அக்கால மருத்துவரே கூறியதுண்டு. நான்கு முதல் ஆறு திங்கள் வரை என்றிருந்த பரிந்துரையை ஆறு திங்கள் முழுமையும் என உலக நலவாழ்வுப் பேரவை திருத்தியதே 2001இல்தான். அறிவு மாறிய செய்தியை மதிப்போடு எடுத்துரைப்பது கற்ற நம் கடன்.

அவ்வாறாயின் தண்ணீர் யாருக்கு? தாய்க்கு. பாலூட்டும் பெண்ணுக்குத் தாகம் மிகும். பாலூட்ட அமரும்போதெல்லாம் அவள் அருகில் நீர் இருத்தல் நலம். ஆனால் குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்பது தவறு. பால் பெருகுவது குழந்தை சப்புவதால். நீர் தாயின் உடலைக் காப்பதற்கு. அவளது உணவும் அவ்வாறே. புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம், பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தையையும், அதன் முகம் நோக்கிக் கண்ணீர் நிறையும் மனைவியையும் காட்டுகிறார். அடுப்பில் காளான் பூத்த வறுமையில் நேர்ந்தது அது. அரைப்பட்டினியாய் வைத்துவிட்டு, இவளுக்குப் பால் இல்லை என்று மருமகளைப் பழிக்கும் வீடுகள் அப்பாடலைப் படிக்கலாம். திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 233ஆம் வசனம் ஈராண்டுப் பாலூட்டலைக் கூறுமிடத்திலேயே அத்தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தைமேல் சுமத்துகிறது. கோடையில் நோன்பு வரும் ஆண்டுகளில், தனக்கோ குழந்தைக்கோ ஊறு நேருமென அஞ்சும் தாய் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளும் சலுகையும் மார்க்கத்தில் உண்டு. இதனை மருமகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவர் வீட்டுப் பெரியோரே. அவளாகக் கேட்க நாணுவாள்.

குழந்தைக்கு நீர் போதுமா என அறிய எளிய வழி, ஈரத்துணியை எண்ணுவது. நாளொன்றுக்கு ஆறு முறையேனும் வெளிர்நிறச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் போதும். சிறுநீர் மஞ்சளாகிக் குறைதல், உச்சிக்குழி உள்வாங்குதல், வாய் உலர்தல், பால் குடிக்கவும் எழாது துவளுதல் ஆகியன கண்டால் சங்கை நாடாது மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் பாலை நிறுத்தலாகாது. மேலும் அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் மருத்துவர் சொன்னால் மட்டும்.

இவையெல்லாம் ஆறு திங்கள் நிறையும் வரைக்குமே. பிள்ளைத்தமிழ் மரபில் செங்கீரை ஐந்தாந் திங்களுக்குரியது. இசுலாமியத் தமிழ்ப் புலவரும் அப்பருவத்தைப் பாடியுள்ளனர். தலை நிமிர்த்தி முகமாட்டும் அப்பருவத்துக் குழந்தையும் பாலொன்றையே பருகுவது. ஆறு திங்கள் நிறைந்து சோறூட்டத் தொடங்கும்போது, காய்ச்சி ஆறிய நீரும் அதனோடு சிறிது சிறிதாகச் சேரலாம்.

செவிலியர் சென்றபின் நம் தாயார் நெடுநேரம் பேசவில்லை. "நான் நாலு பிள்ளை வளர்த்தேன்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். மாலையில் அந்த வெந்நீர்க் கிண்ணத்தை எடுத்துச்சென்று பேத்தியின் கையில் கொடுத்து, "நீ குடி" என்றார். அடுத்த மாதம் எடைபார்த்த போது, தராசின் முள்ளை எல்லாருக்கும் முன்னால் குனிந்து பார்த்தவரும் அவரே. சங்கைத் துடைத்துத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தவர், ஏழாந் திங்களில் குழைந்த சோற்றோடு குழந்தைக்கு முதல் மிடறு நீர் புகட்டுவதற்கே அதனை மீண்டும் வெளியே எடுத்தார்.