கரி வேகனுக்கு முதலில் ஓர் ஆண்டு

மாதிரி ரயிலுக்கு பிரிட்டிஷ் நிலக்கரி வேகன் செய்ய உட்கார்ந்தவர் முதலில் தேடுவது பசையை. அதற்கு முன் ஓர் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். 1935-இன் வேகனும் 1947-இன் வேகனும் அளவில் ஒன்றுதான். பார்வைக்கு அப்படியல்ல.

அங்கே திறந்த கரி வேகன்களில் ஏராளமானவை ரயில் கம்பெனிகளுடையவை அல்ல. சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் சொந்தமாக வைத்திருந்தார்கள். பக்கப் பலகைகளில் தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். ரயில் கம்பெனிகளின் பொது அமைப்பான ரயில்வே கிளியரிங் ஹவுஸ் 1923-இல் வகுத்த தரப்படி, 12 டன் மர வேகனின் நீளம் 16 அடி 6 அங்குலம், இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 9 அடி. 1939-இல் போர் வந்ததும் அரசு அத்தனையையும் பொதுவாக்கிவிட்டது. எவருடைய வேகன் எவரிடம் போனால் என்ன? பெயின்ட் அடிப்பது அநேகமாக நின்றது. உடைந்த பலகைக்குப் பதில் பெயின்ட் காணாத வெறும் பலகையை அடித்தார்கள், பெயரின் பாதி எழுத்து அதோடு போனது. என் ஓட்டு 1947-க்கு.

ஓஓ (OO) என்னும் மாதிரி அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. ஆகவே நீளம் 66, அச்சிடைவெளி 36 மி.மீ. நான்கு சுவர்களையும் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மூலை பிசகாமல் ஒட்டுங்கள். அச்சுப் பெட்டிகளில் பித்தளைக் குமிழ்களைச் செருகிய பிறகே பக்கச் சட்டங்களை ஒட்ட வேண்டும். இரண்டாவது சட்டத்தின் பசை காயுமுன் சக்கரங்களைப் பொருத்தி மறுபடி கண்ணாடியில் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் தூக்கினால் மெல்ல அழுத்திச் சரிசெய்ய அப்போதுதான் முடியும். காய்ந்தபின் தண்டவாளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மொத்த எடை 50 கிராம் அளவில் இருந்தால் வளைவில் தடம் புரளாது. ஈயக் குண்டு போடுகிறவர்கள் வெள்ளை மரப் பசையால் ஒட்ட வேண்டாம். நாளடைவில் ஈயம் அரித்து, உப்பி, சுவரைப் பிளக்கும். இரும்பு நட்டு போதும்.

இனி நிறம். வேகனின் உட்புறத்துக்குப் பெயின்ட் கிடையாது, கரி உரசிய பழுப்புச் சாம்பல் மரம்தான். புதுச் சிவப்பில் உட்புறம் பளபளக்கும் மாதிரிகளைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். வெளியே அடிநிறம் காய்ந்ததும் நீரில் ஊறவைக்கும் எழுத்துப் படங்களை ஒட்டி, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஓரிரு பலகைகளை மர நிறத்தில் தீட்டுங்கள், எழுத்து அறுபடட்டும். முனைக் கதவு இருந்தால், அந்தப் பக்கத்து மேல்மூலையை நோக்கிச் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. துறைமுகத்தில் வேகனைத் தூக்கிக் கப்பலில் கவிழ்ப்பவர்களுக்கு அதுதான் அடையாளம்.

சரக்குக்கு நிஜ நிலக்கரியே மேல். கறுப்புப் பெயின்டில் அந்த மினுமினுப்பு வராது. துணியில் சுற்றி நொறுக்கிச் சலியுங்கள். ஃபோம் துண்டின் மேல் பரப்பி, சரிபாதி நீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு துளி பாத்திர சோப்பு சேர்த்துச் சொட்டுங்கள்.

உங்கள் ரயில் ஓடுவது 1960-களின் பிற்பகுதியில் என்றால் இந்த மர வேகன் வேண்டாம், பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் எஃகு வேகனை வாங்குங்கள்.