ஸ்பெயினில் படித்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: திருச்சிக் கல்லூரியில் படிக்கும் என் மகள், ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் படிக்க ஆசைப்படுகிறாள். ஆங்கிலம் பேசாத நாட்டில் என்ன லாபம்?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஆங்கிலம் கைகொடுக்காத ஊர் என்பதே பெரிய லாபம். கடையிலும் பஸ்ஸிலும் பேசியே ஆக வேண்டும் என்றால் மொழி சீக்கிரம் நாவில் ஏறும். ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை வேலைக்கு உதவும்.

இன்னொரு லாபம், நட்பு. அதற்கு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 1844-இல் தொடங்கிய நம் திருச்சி தூய வளனார் கல்லூரி இயேசு சபையினருடையது. அந்தச் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா ஸ்பெயின்காரர். அயல்நாட்டில், பாரிஸில் படித்தபோது கிடைத்த நண்பர்களே சபையைத் தொடங்க அவருக்குத் துணை நின்றார்கள்.

மகள் இப்போதே அடிப்படை ஸ்பானிஷ் கற்கட்டும். அங்கே பெறும் கிரெடிட்டுகளை இங்கே ஏற்பார்களா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு தைரியமாக அனுப்புங்கள்.