காது மிஷின் வெளியே தெரியக் கூடாதா?
வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்ற காதொலிக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை



குடும்ப நலம் என்றால் கணவன், மனைவி, குழந்தைகள் ஆகியோரின் நலம் மட்டும்தானா? உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பெரியவர்களின் நலமும் அதில் சேர்ந்ததே. இந்தப் பிரசுரத்தில் அவர்களுடைய காதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

"மகன் சொன்னா உடனே கேக்குது. நான் சொன்னா மட்டும் கேக்காத மாதிரி இருக்காங்க" என்று மருமகள் குறைப்படுகிறார். "அவ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறா. என்னைத்தான் திட்டுறாளோ என்னவோ" என்று மாமியார் வருந்துகிறார். இருவர் மீதும் தவறில்லை. வயது ஏறும்போது பெரும்பாலோருக்கு முதலில் குறைவது கீச்சென்ற, மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன்தான். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு கேட்கும். பெண்கள், குழந்தைகளின் குரல் தெளிவாக விழாது. ச, த, ப போன்ற எழுத்துகளின் ஒலி நழுவிவிடும். 'பட்டு' என்பது 'தட்டு' ஆகிவிடும். அதனால்தான் "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியலே" என்கிறார்கள்.

இது பிடிவாதம் அல்ல. உட்காதில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் தேய்வதால் வருவது. தேய்ந்தவை மீண்டும் வளர்வதில்லை. ஆனால் தகுந்த கருவி அணிந்தால் பேச்சு மறுபடியும் புரியும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

"காலையில் ஒன்று, இரவில் அரை" என்று சொன்ன மாத்திரை தலைகீழாகிவிடும். பின்னால் வரும் பேருந்தின் ஓசை கேட்காது. நாலு பேர் பேசும் இடத்தில் உட்காரக் கூச்சப்பட்டு, பெரியவர் திண்ணையோடு ஒதுங்கிவிடுவார். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் தடுக்கக்கூடிய 14 காரணங்களை 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும் அவற்றுள் ஒன்று.

கூச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள்

"மிஷின் மாட்டினா ஊரே செவிடுன்னு சொல்லும். வேணும்னா வெளியே தெரியாத மாதிரி சின்னதா வாங்கிக் கொடு" என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். இது நியாயமான ஆசைதான். ஆனால் மிகச் சிறிய கருவி எல்லாக் காதுக்கும் பொருந்தாது. பொருந்தாத கருவியை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், அது நாலாம் நாள் அலமாரியில்தான் கிடக்கும். ஆகவே, அளவைப் பார்ப்பதற்கு முன் காதைப் பாருங்கள்.

முதலில் பரிசோதனை

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காதுக் குறும்பி அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். அதை எடுத்தாலே சரியாகலாம். வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கு விட்டுக் குடைவது இரண்டும் கூடாது. சீழ் வடிதல், தலைசுற்றல், ஒரு காது மட்டும் மந்தமாதல் இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் தாமதிக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிறகு ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதித்து, குறையை டெசிபல் கணக்கில் எழுதித் தருவார். 20 முதல் 35 வரை இலேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரம். 65க்கு மேல் கடுமையானது. இந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள். சந்தையிலும் விளம்பரத்திலும் மலிவாக விற்கும் ஒலிபெருக்கிகள் எல்லா ஓசையையும் ஒன்றுபோல் கூட்டும். பேச்சு தெளிவாகாது, காதுக்குக் கெடுதலும் வரலாம்.

கருவிகளின் வகைகள்

1. காதுத் துவாரத்தின் உள்ளே பொருந்துவது: மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். கிட்டத்தட்ட வெளியே தெரியாது. இலேசான, நடுத்தரக் குறைக்கு மட்டுமே போதுமானது. வியர்வையும் குறும்பியும் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

2. காது மடலின் குழியை நிரப்புவது: சற்றுப் பெரியது, கொஞ்சம் தெரியும். எடுத்து மாட்டுவது முதல் வகையைவிட எளிது.

3. காதுக்குப் பின்னால் அமர்ந்து, மெல்லிய குழாயோ கம்பியோ உள்ளே செல்வது: இலேசான குறை முதல் ஓரளவு கடுமையான குறை வரை உதவும். எதிரே நிற்பவருக்கு எளிதில் தெரியாது.

4. காதுக்குப் பின்னால் அமர்ந்து, அளவெடுத்துச் செய்த அச்சு காதை அடைப்பது: கடுமையான குறைக்கும் ஏற்றது. உறுதியானது. அச்சைக் கழற்றித் தனியே கழுவலாம்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகள்

குறை எவ்வளவு? கடுமையாக இருந்தால் முதல் வகையை மறந்துவிடுங்கள்.

விரல் எப்படி? சட்டைப் பித்தானைத் தாமே போட்டுக்கொள்கிறாரா? கை நடுங்குகிறதா? சர்க்கரை நோயால் விரல் மரத்திருக்கிறதா? மிகச் சிறிய கருவியின் பேட்டரி துவரம்பருப்பு அளவே இருக்கும். பெரிய கருவியின் பேட்டரி சட்டைப் பித்தான் அளவு. எதைப் பெரியவர் தாமே மாற்ற முடியுமோ, அந்தக் கருவிதான் அவருக்கு உகந்தது. மின்னேற்றிப் பயன்படுத்தும் கருவிகளும் உண்டு. இரவில் செருகி வைத்தால் காலையில் தயார்.

கண் எப்படி? கண்புரை இருந்தால் சிறு துளைகளைத் துடைக்க முடியாது.

வேலை என்ன? வெயிலில் வியர்க்க உழைப்பவருக்குத் துவாரத்துக்குள் போகும் கருவி அடிக்கடி பழுதாகும்.

தெரியாமல் அணிய வழி உண்டு

மூன்றாம் வகைக் கருவியைத் தோல் நிறத்தில் வாங்குவதைவிட, முடியின் நிறத்தில் வாங்குவது நல்லது. நரைத்த தலைக்குச் சாம்பல் நிறம், கறுத்த தலைக்குக் கறுப்பு. அம்மாவுக்குக் கூந்தலும், அப்பாவுக்குத் தலைத்துண்டும் மறைத்துவிடும். மேலும், இன்று பேருந்தில் ஏறினால் பாதி இளைஞர்கள் காதில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காதில் கருவி இருப்பது யாருக்கும் புதுமை இல்லை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வதுதான் நாலு பேர் கண்ணில் படுகிறது.

வாங்கும்போது

கருவியை மாட்டியபின் கடைக்காரர் குரலை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மருமகள் பேசிப் பார்க்க வேண்டும். பேரக்குழந்தை பேசிப் பார்க்க வேண்டும். வீட்டில் சில நாள் அணிந்து பார்க்க அனுமதி உண்டா, பழுது பார்ப்பது எங்கே, பேட்டரி பக்கத்து ஊரில் கிடைக்குமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் அணிவதே நல்லது.

பணவசதி இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயது நிறைந்தவர்களுக்காக 2017இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா திட்டத்திலும் காதொலிக் கருவி உண்டு. காதுக்குப் பின்னால் அணியும் கருவி கிடைத்தால், "பெரிசா இருக்கே" என்று ஒதுக்காதீர்கள். பல பெரியவர்களுக்கு மிகப் பொருத்தமானது அதுவே.

பழக்குவது உங்கள் கையில்

முதல் வாரம் அமைதியான வீட்டுக்குள் தினம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும். பாத்திரச் சத்தமும் தம் குரலும் வினோதமாகத் தோன்றும். பழகச் சில வாரங்கள் ஆகும். "விசில் அடிக்குது" என்றால் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறும்பி சேர்ந்திருக்கிறது. கழற்றி எறியாமல் வல்லுநரிடம் காட்டுங்கள். குளிக்குமுன் கழற்றி, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். எண்ணெய், பவுடர் படக்கூடாது. பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள தாளை உரித்தபின் ஒரு நிமிடம் காற்றில் வைத்து, அதன் பிறகு போடுங்கள்.

நீங்களும் கத்தாதீர்கள். முகத்துக்கு நேரே நின்று, வெளிச்சத்தில், நிதானமாகப் பேசுங்கள். ஒருமுறை புரியாவிட்டால் அதையே வேறு சொல்லில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லே, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்தான் பெரியவர்களைத் திண்ணைக்கு அனுப்புகிறது.

எச்சரிக்கை: பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்றே கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். பெரியவரின் சம்மதத்தைக் கேட்டு, பரிசோதனைக்கு நாள் குறியுங்கள்.

கருவி சிறியதா என்று பார்க்காதீர்கள். காதுக்கும் கைக்கும் உரியதா என்று பாருங்கள்!