கட்டளைகள் வரிசையில் நிற்க வேண்டுமா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில், சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தான் வழியே இயக்கும் பாடத்தில் ஓஎஸ் தொகுதியின் ‘சிஸ்டம்’ செயற்கூறு இருமுறை வருகிறது. முதலாவது நிரல்பெயர்ப்பியை அழைக்கிறது. அடுத்தது உருவான கோப்பை இயக்குகிறது. முதல் கட்டளை முடியும்வரை பைத்தான் அடுத்த வரிக்கு நகராது. இந்தக் காத்திருப்புக்கு நான் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் என்பதால் தொடக்கம் எளிது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரி வாரியம் கரையைப் பார்க்கும்போது தோட்ட வாரியம் கைகட்டி நின்றிருக்குமா என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும்.

பிறகு கணக்கு. ஆய்வகத்தில் 20 கணினிகள், அவற்றில் 5 அணைந்துள்ளன என்போம். விண்டோஸின் ‘பிங்’ கட்டளை ஒரு கணினியை 4 முறை அழைக்கும். பதில் இல்லையெனில் ஒவ்வொரு முறையும் 4 வினாடி வரை காத்திருக்கும். அணைந்தவற்றுக்கே 80 வினாடி வரை ஆகலாம். ஓடும் 15 கணினிகளுக்குத் தலா 3 வினாடி என்றால் மேலும் 45. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் இரண்டு நிமிடம் கடந்துவிடும். ஒரே நேரத்தில் கேட்டால் 16 வினாடி அளவில் முடியும்.

இதற்குச் ‘சப்பிராசஸ்’ தொகுதியின் ‘பிஓப்பன்’ போதும். அது கட்டளையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். ஒரு மடக்கில் இருபதையும் தொடங்கி, பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு மடக்கில் ஒவ்வொன்றுக்கும் ‘வெயிட்’ கொடுக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மடக்கில் எழுதிவிடுவார்கள். நிரல் பிழையின்றி ஓடும், ஆனால் நேரம் குறையாது! பழையபடி வரிசைதான். காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: பாடநூலின் அந்த இரு கட்டளைகளையும் சேர்த்தே தொடங்கலாமா? கூடாது. நிரல்பெயர்ப்பி முடிக்காமல் இயக்கக் கோப்பே இருக்காது. ஆனால் வெவ்வேறு மாணவர்களின் நிரல்களை ஒரே நேரத்தில் நிரல்பெயர்க்கலாம். அதற்கும் எல்லை உண்டு: பிங் பெரும்பாலும் சும்மா காத்திருக்கிறது, நிரல்பெயர்ப்பியோ செயலியை உழைக்க வைக்கிறது. நான்கு உள்ளகம் கொண்ட கணினியில் நாற்பதைத் தொடங்கினால் பத்து மடங்கு வேகம் கிடைக்காது. நான்கு நான்காக விடுவதே நல்லது.

விடைகள் திரையில் கலந்து வரும். ஒவ்வொரு கட்டளையின் வெளியீட்டையும் கணினி எண்ணுடன் தனிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.