ரப்பர் ஷீட் மெஷினும் ஒரு 'செம'யும்

கீரிப்பாறையிலிருந்து வரும் ஒரு முதலாமாண்டு தம்பி, ஊரில் பார்த்த ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினை அல்கோடூவில் செய்து காட்டுறான்னு வெச்சுக்கோங்க. ரெண்டு உருளை, நடுவில் உறைஞ்ச ரப்பர் பாலுக்குப் பதிலாக, ஸ்பிரிங்கால் கோத்த குட்டி வட்டங்கள். ஓடவிட்டால் வட்டங்கள் உருளைக்குள்ளேயே புகுந்து சிதறுது. "செம மக்கா"ன்னாலும் "மொக்கை"ன்னாலும் அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. ரெண்டாவதைக் கேட்டா ஃபைலையே அழிச்சிடுவான்.

முதலில் நீங்களே மெதுவா ஓட்டிப் பாருங்க. அல்கோடூ (2008-இல் ஸ்வீடனின் உமியா பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் முதுகலை ஆய்வேட்டுக்காகச் செய்த 'ஃபன்'தான் இதன் மூலம்) காலத்தைத் துண்டு துண்டாகத்தான் கணக்கிடும். நொடிக்கு 60 துண்டு என்றால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போகும் வட்டம் ஒரே துண்டில் 10 செ.மீ. தாவும். வட்டமே 5 செ.மீ. அகலம்தான் என்றால், மோதலைக் கவனிக்கும் முன்பே உள்ளே போயிருக்கும். 300 ஆக்கினால் தாவல் வெறும் 2 செ.மீ. அதனால "டிசைன் தப்பு"ன்னு சொல்றது அநியாயம். "ஃப்ரீக்வென்சியை ஏத்து, இல்ல மோட்டார் வேகத்தைக் குறை"ன்னு சொல்லுங்க. லேப்டாப் ஃபேன் கத்தும், அதையும் சொல்லிடுங்க.

உண்மையான சிக்கல் அடுத்தது. ஆசிட் ஊற்றி உறையவெச்ச பால் உருளையில் நசுங்கினால் தண்ணீர் பிழிந்து போய், மெலிந்தபடியே நிற்கும். ஸ்பிரிங்கோ பழைய நீளத்துக்கே திரும்பும். இதைத் தீர்ப்பாகச் சொல்லாதீங்க. "உருளையைத் தாண்டினதும் ஏன் மறுபடி தடிக்குது?"ன்னு கேளுங்க. ஷீட்டைக் கையில் தொட்டுப் பார்த்தவன் அவன். ஸ்பிரிங்குக்குப் பதில் என்ன போடலாம்னு அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடலாம்.